கடைசி வயலிலிருந்து தலைமதகு வரை

சாய்ந்தமருது
02.08.1982

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் பெருநாளும் குறையில்லாமல் முடிந்தன. உம்மா சுகம். நானும் சுகம். வாப்பாவைப் பற்றி மட்டும் அப்படி ஒரு சொல்லில் எழுதிவிட முடியவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு தரம் கிழித்துவிட்டு மூன்றாம் தரமாக எழுதுகிறேன். கோபிக்காமல் முழுவதையும் வாசியுங்கள்.

மார்ச்சில் நீங்கள் லீவில் வந்தபோது நம் வயல் கண்டத்துக் கூட்டத்தில் எழும்பி, "எங்கட வாப்பா நாப்பது வருசம் வரம்புல நடந்தது போதும். தண்ணி பங்கிட வேற ஆளப் பாருங்க" என்று சொன்னீர்கள். நாவலடிக் கண்டத்தின் முப்பத்தெட்டு வயல்களுக்கும் அன்றிலிருந்து காலிதீன்தான் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை. நீங்கள் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சாய்மனைக் கதிரையில் வாப்பா உட்கார்ந்தார்.

முதல் மாதம் அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மே மாதத்தில் ஒரே காலையில் மூன்று தரம், "இண்டைக்கு வெள்ளிக்கிழமையா?" என்று உம்மாவிடம் கேட்டார். ஜூனில் கிணற்றடியில் தொழுகைக்கு ஒழு எடுக்கும்போது கவனித்தேன். கால் கழுவி முடித்தபின் மறுபடியும் கையிலிருந்து தொடங்கினார். ஒரு நாள் அப்படி நான்கு தரம் செய்தார். எழும்பிப் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வெட்கப்படுவாரே என்ற வெட்கம்.

போன புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைக் காணவில்லை. சபியா மாமியின் வீட்டுக் குசினியில் இருந்தார். "உம்மா எங்க?" என்று தன் தங்கச்சியிடமே கேட்டிருக்கிறார். "உம்மா மௌத்தாகி முப்பது வருசமாகிட்டே காக்கா" என்று மாமி சொன்னதும், அன்றுதான் மௌத்துச் செய்தி வந்ததுபோல அழுதாராம். அவர் பிறந்த வீடு அது. கல்யாணம் முடித்து நம் உம்மாவின் வீட்டுக்கு வந்து நாற்பது வருடமாகிறது. அந்த நாற்பது வருடமும் புதன்கிழமை அவர் நினைவில் இருக்கவில்லை.

நடந்த காலத்தில் வாப்பா இப்படி மறந்ததில்லை. நடையை நிறுத்தியதால் மறதி வந்ததா, ஏற்கெனவே இருந்த மறதியை நடை மறைத்து வைத்திருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மறுபடியும் வாய்க்காலில் நடக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. உங்கள் சம்மதம் வேண்டும்.

தங்கச்சி
முனவ்வறா

*

தம்மாம்
22.08.1982

தங்கச்சி முனவ்வறாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. முழுவதையும் வாசித்தேன். கோபமும் வந்தது.

வாப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. அந்த வயதில் மறதி வராமல் வேறு என்ன வரும்? பன்னிரண்டு வயதில் வயலுக்கு இறங்கின மனுசன். அட்டை கடித்த தழும்பு முழங்கால் வரைக்கும் இருக்கிறது. என் வாப்பா ஒரு நாளாவது காலில் சேறு படாமல் இருக்கட்டும் என்றுதான் நான் இந்தச் சவூதி மணலில் கிடக்கிறேன். என் அறையில் இருக்கும் ஆறு பேரும், "உன்ட வாப்பா குடுத்து வச்சவருடா" என்கிறார்கள். நீ அவரை மறுபடியும் சேற்றில் இறக்கப் பார்க்கிறாய்.

நீ பேராதனைக்குப் போய்ப் படித்தவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெற்றவரை உட்கார வைத்துச் சோறு கொடுக்க வேண்டும் என்று தெரிய எட்டாம் வகுப்பே போதும். கெம்பஸில் படித்ததை வாப்பாவில் செய்து பார்க்காதே.

அவர் வெளியே போய்த் தொலைவதுதான் பயம். இந்தக் கடிதத்தோடு லீவில் ஊருக்கு வரும் ஹஸனிடம் ஒரு பூட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். நல்ல இரும்பு. தெருவாசல் கடப்படிக்குப் போடு. திறப்பு உம்மாவிடம் இருக்கட்டும். சத்துக் குளிசையும் அனுப்புகிறேன், காலையில் ஒன்று.

நிந்தவூரில் இருந்து உனக்கு ஒரு சம்பந்தம் கதைக்கிறார்கள் என்று உம்மா இன்னொருவரைக் கொண்டு எழுதியிருந்தா. நல்ல இடம். வீட்டோடு அடங்கி இரு.

காக்கா
ஜவுபர்

*

சாய்ந்தமருது
12.09.1982

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஸன் பூட்டைக் கொண்டுவந்து தந்தான். நீங்கள் சொன்னபடி உம்மா கடப்படிக்குப் போட்டா. ஒன்பது நாட்கள் அது அங்கே கிடந்தது. அந்த ஒன்பது நாளையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாளும் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மதகு தொறந்தாச்சா?" என்று தெருவில் போகிறவர்களைக் கேட்டார். சிலர் பதில் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். நான்காம் நாள் கேட்பதையும் விட்டுவிட்டார். பகலெல்லாம் நித்திரை, இரவெல்லாம் விழிப்பு. ஏழாம் நாள் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டாரா இல்லையா என்று உம்மாவைக் கேட்டார். ஒன்பதாம் நாள் கடப்படியைக் கையால் அடித்து, நாலு விரலிலும் தோல் உரிந்து இரத்தம் வந்தது. தடுக்கப் போன உம்மாவைத் தள்ளிவிட்டார். அப்படியொரு காரியத்தை வாப்பா செய்து நாம் பார்த்ததில்லை. உம்மா நிலத்தில் இருந்தபடி, "ஆட்ட அடைக்கிற மாதிரி மனுசன அடைச்சா அவர் என்ன செய்வாரு? தொற மகள்" என்று திறப்பை என்னிடம் எறிந்தா.

கைக்கு மருந்து கட்டக் கல்முனைக்குக் கூட்டிப் போனேன். டாக்குத்தர் காயத்தை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்டார். என்ன வேலை செய்தார்? ஒரு நாளைக்கு எத்தனை மைல்? எந்த நேரத்துக்கு எழும்புவார்? எப்போது நிறுத்தினார்? சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"இந்த நோய்க்கு என்னிடம் குளிசை இல்லை. நடந்தால் சுகமாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த வயதாளிகளில், உடம்பை ஓடவிட்டு, ஒரே நேரம் ஒரே ஒழுங்கு என்று இருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். இவருக்கு நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்றார். நீங்கள் என்று அவர் சொன்னது உங்களை அல்ல. எல்லாரையும்தான். என்னையும்.

காக்கா, பூட்டைக் கழற்றிவிட்டேன். எங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள். நாளை சுபஹுக்குப் பிறகு வாப்பாவோடு நானே வாய்க்காலுக்கு நடக்கப் போகிறேன். பேராதனையில் மூன்று வருடமும் ஒரு வகுப்பிலும் கை உயர்த்திக் கேள்வி கேட்காதவள் நான். தெருவால் ஆண்களுக்கு முன்னால் நடந்து பழக்கமும் இல்லை. அப்படியிருந்தும் போகத்தான் போகிறேன். போன கடிதத்தில் சம்மதம் கேட்டேன். இதில் கேட்கவில்லை.

முனவ்வறா

*

தம்மாம்
04.10.1982

முனவ்வறாவுக்கு,

ஹஸன் திரும்பி வந்துவிட்டான். வந்ததும் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் முன்னால், "ஜவுபர், உன்ட தங்கச்சி வயல் பாக்கப் போறாளாம், குடையும் புடிச்சிக்கிட்டு" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன்.

நிந்தவூர்க்காரர் பின்வாங்கிவிட்டதாகவும் சொன்னான். உனக்குச் சந்தோஷமா?

பெரிய வீட்டுப் பிள்ளைகள் நடந்தால் உலாத்துகிறார்கள் என்பார்கள். நம்மைப் போன்றவர்கள் நடந்தால் வக்கில்லை என்பார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் உனக்குத் தெரியவில்லை.

நீ நடையை நிறுத்தும் வரைக்கும் நான் கடிதம் எழுதமாட்டேன்.

ஜவுபர்

*

சாய்ந்தமருது
26.10.1982

அன்புள்ள காக்காவுக்கு,

நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். ஆறு வாரமாக நடக்கிறோம். முதல் வாரம் முழுத் தோல்வி. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் போகப் பயந்து, பின் ஒழுங்கையால் வாப்பாவைக் கூட்டிப் போனேன். அந்த ஒழுங்கை சுற்றிக்கொண்டு நேரே தலைமதகுக்குப் போகும். அங்கிருந்து தண்ணீர் ஓடும் திசையில் கீழே நடந்தோம். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. வாய்க்கால் தொடங்குகிற இடத்தில்தானே தொடங்க வேண்டும்?

வாப்பா பத்து யார் தூரத்துக்கு ஒருதரம் நின்றார். "இது எந்த ஊரு?" என்றார். நாலாம் நாள் வரம்பில் குந்திக்கொண்டு எழும்பமாட்டேன் என்றார். ஆறாம் நாள் என் கையை உதறிவிட்டு வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினார். நடந்தும் பயனில்லை, காக்கா சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு வரம்பில் நின்று அழுதேன்.

காரைதீவுச் சீனித்தம்பி அண்ணன் மண்வெட்டியோடு எதிரே வந்தார். கண்டத்தின் நடுவில் அவருக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும்.

"என்ன புள்ள, விதானையார ஏன் பின்னுக்கு நடத்துறீங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"அவர் எந்தக் காலத்துல தலைமதகுல தொடங்கினவர்? கடைசி வயல்ல நிண்டு தண்ணி வந்திட்டா எண்டு பாத்திட்டு மேல வருவார். மேல இரிக்கிறவனுக்கு எப்பிடியும் தண்ணி கிடைக்கும், கடைசிக்காரனத்தான் முதல்ல பாக்கணும் எண்டு எங்களோட சண்டை புடிச்ச மனுசன். நீங்க அவரத் தலைகீழா நடத்தினா அவருக்குத் தலை சுத்தாம என்ன செய்யும்?"

நான் படித்தவள். இதை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. அவர் நடந்த நாற்பது வருடத்தில் நான் அவர் பின்னால் ஒரு நாளும் நடந்ததில்லை, யாரிடமும் கேட்டதுமில்லை. பெண்பிள்ளை வயலுக்குப் போவதில்லை என்பதால் மட்டுமல்ல. கேட்க வெட்கம்.

கடைசி வயலுக்குப் போவதென்றால் பெரிய தெருவால், தேத்தண்ணிக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுத்த நாள் போனோம். கடை வாங்குப் பலகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"பட்டதாரி வட்டவிதானை வாறா, வழி விடுங்கடா!"

"சேட்டிபிக்கட் கொண்டுவந்தயா புள்ள? இல்லாட்டித் தண்ணி ஓடாது!"

நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். வாப்பா அப்படியே நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் வாங்கைப் பார்த்து, "முனாப், உன்ட வக்கடைய அடைச்சயா? மேல தண்ணி வீணாப் போகுது, நீ இங்க குந்திக்கிட்டுப் பல்லு காட்டுறாய்" என்றார். பழைய குரல். வாங்கே சிரித்தது. முனாப் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி ஓடினான். உண்மையாகவே தன் வயலின் தண்ணீர் வாயை அடைக்காமல்தான் வந்திருந்தானாம்!

கடைசி வயலில் ஏறியதும் வாப்பா எனக்கு முன்னால் போனார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். ஒவ்வொரு வக்கடையிலும் நின்று, தண்ணீரைக் காலால் அளந்து, வயல்காரரின் பெயரைச் சொன்னார். வீட்டில் கேட்டால் ஐந்து பெயர் சொல்லமாட்டார். வரம்பில் முப்பத்தாறு பெயரை வரிசை தவறாமல் சொன்னார். இரண்டுதான் விட்டுப்போனது. நான் கொப்பியில் குறித்திருக்கிறேன்.

ஊர் சொன்னதையும் சொல்லிவிட்டேன், வாப்பா சொன்னதையும் சொல்லிவிட்டேன். எதை எடுத்துக்கொள்வது என்று நீங்களே பாருங்கள்.

முனவ்வறா

*

தம்மாம்
16.11.1982

தங்கச்சிக்கு,

எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன். அதற்காக நீ வென்றுவிட்டாய் என்று நினைக்காதே.

முப்பத்தாறு என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. படிப்பை நிறுத்தும்வரை லீவு நாளெல்லாம் வாப்பாவின் பின்னால் நடந்தவன் நான். நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் வேலையில்லாத நேரம் ஒரு பெட்டி மட்டையை எடுத்து, கடைசி வயலில் தொடங்கிப் பெயர்களை நானே எழுதிப் பார்த்தேன். மீராமுகைதீன். பிறகு கச்சிமுகம்மது. பிறகு முனாபின் வாப்பா. பத்தொன்பதோடு நின்றுவிட்டது. இரண்டு நாள் யோசித்தேன். இருபதாவது வரவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. அவருக்கு அறுபத்தெட்டு.

சரியான வரிசையை எழுதி அனுப்பு. மழை தொடங்கியிருக்கும். வரம்பு வழுக்கும். அவர் விழுந்து இடுப்பை உடைத்தால் உன் டாக்குத்தர் என்ன சொல்வார்? அதற்கு ஒரு பதில் எழுது.

ஜவுபர்

*

சாய்ந்தமருது
08.12.1982

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வரிசை தனித் தாளில் இருக்கிறது. உங்களுக்கு வராத இருபதாவது பெயர் செல்லத்தங்கம் அக்காவின் தகப்பனுடையது.

மழைக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். பெருமழை நாளில் வரம்பில் ஏறுவதில்லை. அதே நேரத்துக்கு, அதே தடியோடு, பெரிய தெருவால் கடற்கரைப் பள்ளிவாசல் வரைக்கும் இரண்டு தரம் நடக்கிறோம். வாப்பா முறுமுறுப்பார். ஆனால் நடப்பார். ஒரு நாளும் விடவில்லை.

உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். வாப்பா சுகமாகவில்லை. முப்பத்தாறு போன வாரம் முப்பத்துநான்காகியிருக்கிறது. மதியம் லுஹருக்குப் பிறகு இன்னும் குழம்புகிறார். ஒரு நாள் என்னைச் சபியா என்று கூப்பிட்டார். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு ஒரு தரமும் காணாமல் போகவில்லை. இரவில் நித்திரை கொள்கிறார். ஒழுவை ஒரு தரத்தில் முடிக்கிறார். மறுபடி உம்மாவில் கை வைத்ததில்லை. கீழே போகிற பாதைதான், காக்கா. பூட்டுப் போட்ட ஒன்பது நாளும் ஓடினோம். இப்போது நடக்கிறோம்.

இனிப் பெரிய செய்தி. எனக்கு ஆசிரியை நியமனம் வந்திருக்கிறது. இறக்காமத்தில். ஜனவரியிலிருந்து சுபஹ் முடிந்த கையோடு பஸ் ஏற வேண்டும். நமது குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை. உம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. எனக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் வந்த முதல் நினைப்பு, வாப்பாவோடு யார் நடப்பார் என்பதுதான்.

காலிதீனைத் தவிர வேறு யாருக்கும் வாய்க்காலில் நடப்பது நாளாந்த வேலையல்ல. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பைத்தியக்காரப் பட்டம் எனக்கும் கட்டவா?" என்றார். அதனால் போன ஞாயிறு, தண்ணீர் முறை பேச எல்லாரும் கூடின கூட்டத்துக்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைமதகடி வாடிக் கொட்டிலில் நாற்பது ஆண்கள். நான் ஒருத்தி.

"பொம்புளக்கு இங்க என்ன அலுவல்?" என்று ஒருவர் கேட்டார்.

"அவட கால்ல இரிக்கிற சேறும் இந்தக் கண்டத்துச் சேறுதானே. கதைக்க உடுங்க" என்றார் சீனித்தம்பி அண்ணன்.

குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாப்பா காலிதீனோடு தினமும் துணைக்கு நடக்கட்டும் என்று கேட்டேன்.

"ஒரு கண்டத்துக்கு ரெண்டு வட்டவிதானையா?" என்று காலிதீன் சிரித்தார்.

"வட்டவிதானை நீங்கதான் காலிதீன் காக்கா. ஆனா நீங்க தலைமதகுல தொடங்கிறீங்க. பாதியில வெயில் ஏறுது, திரும்பிப் போறீங்க. கடைசி வயல நீங்க எப்ப பாத்தீங்க எண்டு மீராமுகைதீன் மாமாவைக் கேளுங்க."

மீராமுகைதீன் மாமா தொண்டையைச் செருமினார். "புள்ள சொல்றது சரி. இந்த மழையிலயும் என்ட வயலுக்கு வாய்க்கால் தண்ணி வரல்ல. அந்த மனுசன் நடந்த காலத்துல எனக்கு இந்தக் கேடு இல்ல."

அந்த நேரத்தில் வாப்பா சீனித்தம்பி அண்ணனின் தோளைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கும்படியாக, "ஆருடா இந்தப் புள்ள? நல்லாக் கதைக்கிதே" என்றார்.

"உங்கட மகள்தான் விதானையார்."

"அதான பாத்தன்" என்றார் வாப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது. காலிதீன் சிரிக்காமல் வாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சுபஹுக்குப் பொறகு அஞ்சரைக்குக் கடப்படில நிப்பன். பிந்தினா நான் போயிருவன்" என்றார்.

"வாப்பா பிந்தமாட்டாரு" என்றேன்.

இன்றோடு மூன்று நாள், கடைசி வயலில் தொடங்கித்தான் நடக்கிறார்கள். மூன்று நாளும் பிந்தியது காலிதீன்தான்.

ஆனால் அவருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. "ஜவுபர் வந்து, என்ட வாப்பாவ ஏன்டா சேத்துல நடத்துறாய் எண்டு கேட்டா நான் என்ன சொல்ற?" என்கிறார். நான் வேலைக்குப் போன பிறகு உங்கள் ஒரு சொல் எதிராக வந்தால் அவர் விட்டுவிடுவார். நான் ஜனவரி மூன்றாம் திகதி பஸ் ஏறுவேன், அதில் மாற்றமில்லை. வாப்பா அன்றைக்கும் நடப்பார், அதிலும் மாற்றமில்லை. காலிதீனுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

முனவ்வறா

*

தம்மாம்
30.12.1982

அன்புள்ள தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காலிதீனுக்கு எழுதிவிட்டேன். ஊருக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுத்திருக்கிறேன், உன் பஸ்ஸுக்கு முன்னால் கிடைத்துவிடும். இரண்டு வரியல்ல, ஒரு பக்கம். என் வாப்பாவை நடத்துகிறவனோடு எனக்குச் சண்டை இல்லை, நிறுத்துகிறவனோடுதான் சண்டை என்று எழுதியிருக்கிறேன். பூட்டு அனுப்பினவன் இதை எழுதுகிறானே என்று அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தக் கூட்டத்தில் நான் எழும்பிக் கதைத்தபோது வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தேன். நீ வாப்பாவைப் பார்த்துக்கொண்டு கதைத்திருக்கிறாய்.

ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். அதற்குள் அவர் என்னை மறந்துவிடலாம். மறந்தால் என் பெயரைச் சொல்லிக் கொடுக்க நீ கஷ்டப்படாதே. நான் பின்னால் நடந்து வருகிறேன். முப்பத்தெட்டு பெயரையும் இப்போது பாடமாக்கியிருக்கிறேன். அவர் ஒன்றை விட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன்.

இறக்காமத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகப் படிப்பி. வகுப்பில் கை உயர்த்தாமல் இருக்கிற பிள்ளையை முதலில் கேள்.

இன்னொன்று. இதை உம்மாவிடம் வாசித்துக் காட்டாதே, பயப்படுவா. மூன்று வருடமாக நான் கம்பனி வானில் ஏறி, களஞ்சியத்தில் கதிரையில் இருந்து, வானில் திரும்பிவந்து படுக்கிறேன். பெட்டி மட்டையில் பத்தொன்பதோடு நின்ற அன்றிலிருந்து, நானும் அப்படி மறந்துவிடுவேனோ என்பது என்னை விடவில்லை. நேற்றுக் காலை களஞ்சியத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது வானை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். குளிர். காதில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஹஸன் யன்னலால் தலையை நீட்டி, "என்னடா, உனக்கும் வயல் இரிக்கா?" என்று கத்தினான். வான் முழுக்கச் சிரிப்பு. போய்ச் சேரும்போது கால் இரண்டும் விறைத்துவிட்டது, மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஏசினார்.

இன்றைக்கும் இறங்கினேன். நாளைக்குப் பத்து நிமிடம் முந்தின வானில் புறப்படுவேன்.

காக்கா
ஜவுபர்